சீன மூலிகைகள் கல்லீரலைக் காக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர், மலேசியா பக்கம் இருப்பவர்களுக்குச் சீன மருந்துக்கடை புதிதல்ல. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தராசு, தாளில் மடித்துக் கட்டிய வேர்கள். இப்போது அதே சரக்கு ‘லிவர் டீடாக்ஸ்’ என்ற பெயரில் கேப்ஸ்யூலாகி, இணையக் கடைகள் வழியாகத் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. “இது நல்லதா, வேண்டாமா?” என்று கேட்பவர்கள் அதிகம். எந்த மூலிகை, எந்த நோய்க்கு, எதை அளந்து பார்த்து ‘நல்லது’ என்றார்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த மூன்றையும் சுற்றித்தான்.

சீன வைத்தியர் “உங்கள் கல்லீரல் சரியில்லை” என்றார். எனக்கு லிவர் நோய் என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. சீன மருத்துவம் சொல்லும் கல்லீரல், விலாவுக்குக் கீழே இருக்கும் உறுப்பை மட்டும் குறிப்பதில்லை. ரத்தத்தைச் சேர்த்து வைப்பது, ‘ச்சி’ என்ற உயிராற்றலைத் தடையில்லாமல் ஓடவிடுவது, கண், தசைநாண், கோபம் எல்லாம் அதன் கணக்கில் வரும். எரிச்சல், விலாப்பக்க இறுக்கம், மாதவிடாய்க் கோளாறு என்று போனால், நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, “கல்லீரலில் ச்சி தேங்கி நிற்கிறது” என்பார். அதே ஆளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற நொதி அளவு நார்மலாகவே இருக்கலாம். நம்மூரில் ‘பித்தம் கூடிவிட்டது’ என்று சொல்வதை ஸ்கேனில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, அந்த மாதிரிதான் இதுவும்.

இதன் மறுபக்கம்தான் கொஞ்சம் ஆபத்தானது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி எந்தத் தொந்தரவும் காட்டாமல் பல வருடம் உள்ளே இருக்கும். நாடியிலும் நாக்கிலும் அது தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

கல்லீரல் எப்படிக் கெடுகிறது? மூலிகை எந்த இடத்தில் குறுக்கே வரமுடியும்?

எல்லாருக்கும் தெரிந்த பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். சரியான அளவில் எடுத்தால் கல்லீரல் அதைச் சுலபமாகக் கழித்து வெளியேற்றிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் விஷத்தன்மையுள்ள பொருளாக மாறும். கல்லீரல் செல்களில் இருக்கும் குளுட்டாதயோன் அதைப் பிடித்து முடக்கிவிடும். மாத்திரைகளை அள்ளிப் போட்டால் குளுட்டாதயோன் தீர்ந்துபோகும், மிஞ்சிய விஷம் செல்லையே தாக்கும். செல் உடைந்ததும் உள்ளே இருந்த நொதிகள் ரத்தத்தில் கசியும். லேப் ரிப்போர்ட்டில் நாம் பார்க்கும் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி அவைதான்.

அடுத்த கட்டம் அழற்சி. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடித்தால் கல்லீரலில் இருக்கும் ஸ்டெல்லேட் செல்கள் விழித்துக்கொண்டு நார்த் திசுவை நெய்யத் தொடங்கும். இதுதான் ஃபைப்ரோசிஸ், முற்றினால் சிரோசிஸ்.

ஆக, ஒரு மூலிகை நான்கு இடங்களில் தலையிடலாம்: விஷம் உருவாவதைக் குறைப்பது, குளுட்டாதயோன் போன்ற தற்காப்பைக் கூட்டுவது, அழற்சியைத் தணிப்பது, நார் நெய்வதைத் தடுப்பது. சீன மூலிகைகளில் இந்த நான்குக்கும் ஆய்வக ஆதாரம் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி எலியில் கிடைத்தது. எலிக்கு மூலிகைச் சாற்றை முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம் கார்பன் டெட்ராகுளோரைடையோ பாராசிட்டமாலையோ கொடுப்பார்கள். நிஜத்தில் யாரும் அந்த வரிசையில் நோயாளி ஆவதில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடு தானாக விஷமாவதில்லை, கல்லீரலின் ஒரு நொதிதான் அதை விஷமாக்குகிறது. அந்த நொதியை மட்டும் ஒரு மூலிகை முடக்கினாலும் எலி பிழைத்துவிடும், கட்டுரைத் தலைப்பில் ‘கல்லீரல் காக்கும் மூலிகை’ என்று வந்துவிடும். வைரஸால் வரும் நோய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லாமல் போகலாம்.

கல்லீரலுக்கு என்று சொல்லப்படும் சீன மூலிகைகளில் நன்றாக ஆராயப்பட்டது எது?

வூவெய்ட்ஸி. ஐந்து சுவைப் பழம் என்பார்கள். வடகிழக்குச் சீனாவில் கொடியில் காய்ப்பது. காய்ந்தபின் மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக, சுருங்கி, கருஞ்சிவப்பாக இருக்கும். ஒன்றை வாயில் போட்டால் தோலும் சதையும் முதலில் புளிக்கும், பிறகு லேசாக இனிக்கும். கொட்டையைக் கடித்தால் காரமும் கசப்பும் வரும், அடிநாக்கில் ஓர் உப்புச்சுவை நிற்கும். பழைய வைத்தியத்தில் இது இருமலுக்கும் இரவு வியர்வைக்கும்தான் அதிகம் கொடுக்கப்பட்டது.

1970-களில் சீன மருத்துவர்கள், இந்தப் பழத்தின் பொடியைச் சாப்பிட்ட ஹெபடைடிஸ் நோயாளிகளுக்கு எஸ்ஜிபிடி இறங்குவதைக் கவனித்தார்கள். பெய்ஜிங்கில் உள்ள சீன மருத்துவ அறிவியல் கழகத்தின் மருந்துப்பொருள் நிறுவனத்தில் லியூ கெங்தாவ் குழு அதைப் பின்தொடர்ந்தது. வேலை செய்யும் பொருள்கள் கொட்டையில் உள்ள லிக்னான்கள் என்று தெரிந்தது. அவற்றில் ஒன்றைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றபோது கிடைத்த பொருள்தான் பைஃபென்டேட். மலிவான மாத்திரை, சீனாவில் பரவலாகப் பயன்பட்டது. பின்னால் அதைத் திருத்தியமைத்து பைசைக்லால் என்ற மருந்தை உருவாக்கினார்கள். 2000-களின் தொடக்கத்திலிருந்து அது அங்கே மருத்துவர் சீட்டில் எழுதப்படுகிறது. ஒரு கஷாயச் சரக்கு இருமல் மருந்தாக இருந்து, ஆய்வகம் போய், அளவு குறிக்கப்பட்ட மாத்திரையாகத் திரும்பிய கதை இது. இத்தனை முழுமையான கதை மூலிகை உலகத்தில் அதிகம் இல்லை.

அப்படியானால் எஸ்ஜிபிடி இறங்கினால் கல்லீரல் தப்பித்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இதே பைஃபென்டேட் தான் இதற்குப் பதில். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் எஸ்ஜிபிடி மளமளவென்று இறங்கும். நிறுத்தினால் பலருக்குத் திரும்ப ஏறிவிடும். வைரஸ் அப்படியே இருக்கும். எண் இறங்கியது உண்மை, நோய் இறங்கியதா என்பது வேறு கேள்வி.

கல்லீரல் காக்கும் மருந்து என்று விளம்பரம் வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இதைத்தான்: எதை அளந்தார்கள்? எஸ்ஜிபிடியை மட்டுமா? திசுப்பரிசோதனையில் நார்த்திசு குறைந்ததா? வைரஸ் அளவு குறைந்ததா? பத்து வருடம் கழித்து சிரோசிஸ், புற்றுநோய், மரணம் குறைந்ததா? முதல் அளவுகோலைத் தாண்டிய மூலிகைகள் டஜன் கணக்கில் உண்டு. கடைசி அளவுகோல்வரை வந்து நின்றவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும்.

மஞ்சள் காமாலைக்குச் சீனர்கள் என்ன கொடுத்தார்கள்? அதில் உண்மை உண்டா?

யின்சென்ஹாவ் கஷாயம். கி.பி. 200 வாக்கில், ஹான் அரசு சரிந்துகொண்டிருந்த காலத்தில், ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் எழுதிவைத்த செய்முறை இன்றும் அப்படியே புழங்குகிறது. சரக்கு மூன்றுதான்: மாசிப்பச்சைக்கு உறவான யின்சென் என்ற செடி, கார்டீனியாப் பழம் 14, ரூபார்ப் வேர். யின்சென்னை முதலில் தனியாகப் போட்டு, தண்ணீர் பாதியாக வற்றும்வரை கொதிக்கவிட வேண்டும். அப்புறம்தான் மற்ற இரண்டும். மேலும் பாதியாக வற்றியதும் வடித்து, மூன்று வேளையாகக் குடிக்க வேண்டும். குடித்தால் சிறுநீர் செந்நிறமாக, சோப்புக்காய்ச் சாறு மாதிரி போகும், ஓர் இரவில் வயிற்று உப்புசம் குறையும், மஞ்சள் சிறுநீரோடு வெளியேறும் என்று குறிப்பும் எழுதியிருக்கிறார். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தவரின் எழுத்து.

இதன் வழிமுறை 2004-இல் கொஞ்சம் துலங்கியது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் பேலர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், யின்சென் சேர்ந்த தயாரிப்பை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிரூபின் வேகமாக வெளியேறியது. கல்லீரல் செல்லின் உட்கருவில் உள்ள ஒரு குறிப்பிட்ட ஏற்பியை மரபணு வழியில் நீக்கிய எலிகளில் அந்தப் பலன் இல்லை. யின்சென்னில் உள்ள ஸ்கோபரோன் என்ற பொருள் அந்த ஏற்பியைத் தூண்டி, பிலிரூபினைக் கழிக்கும் நொதிகளைக் கூட்டுகிறது என்று காட்டினார்கள். பழைய கஷாயம் ஒன்றுக்கு இவ்வளவு தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

அதே சமயம் மஞ்சள் காமாலை ஒரு நோயின் பெயர் இல்லை, பல நோய்களின் அடையாளம். பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தால் கஷாயம் குடித்துக் கல் நகராது. அங்கே எண்டோஸ்கோப்பி வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஒரு வேர் சொன்னார். கொடுக்கலாமா?

வேண்டாம். இதில் ‘ஆனால்’ கிடையாது. ஹுவாங்லியான் என்ற மஞ்சள் வேரைப் பச்சிளங்குழந்தைக்குக் கொடுப்பது பல சீனக் குடும்பங்களில் வழக்கமாக இருந்தது. அதில் உள்ள பெர்பெரின், ரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பிலிரூபினைப் பிரித்துவிடக் கூடியது. பிரிந்த பிலிரூபின் மூளையில் படிந்தால் நிரந்தரப் பாதிப்பு வரும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இந்தக் காரணத்தால்தான் சிங்கப்பூர் 1978-இல் பெர்பெரினைத் தடை செய்தது. 2013-இலிருந்து தடையைப் படிப்படியாகத் தளர்த்தினார்கள். பச்சிளங்குழந்தைக்குக் கூடாது என்பது மட்டும் மாறவில்லை. குழந்தைக்கு வேண்டியது பிலிரூபின் பரிசோதனையும், தேவைப்பட்டால் நீலவிளக்கு சிகிச்சையும்.

அதிமதுரம் நமக்கும் தெரிந்ததுதானே. அதுவும் கல்லீரலுக்கு நல்லதா?

நாம் பயன்படுத்துவதும் சீனர்களின் கான்சாவும் ஒரே பேரினத்தின் அண்ணன் தம்பிகள். இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின்தான் இங்கே முக்கியம். ஜப்பானில் கிளைசிரைசினோடு சிஸ்டைன், கிளைசின் சேர்த்த ஊசியை நாட்பட்ட ஹெபடைடிஸுக்குப் பல பத்தாண்டுகளாகப் போட்டு வந்திருக்கிறார்கள். ஹெபடைடிஸ் சி நோயாளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டி 1997-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், ஊசி தொடர்ந்து போட்டுக்கொண்டவர்களில் 15 வருடத்தில் கல்லீரல் புற்றுநோய் வந்தது 12 சதவீதம், போடாதவர்களில் 25 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை அது, பின்னோக்கிப் பார்த்த கணக்கு. இப்போது ஹெபடைடிஸ் சியை மூன்று மாத மாத்திரையில் ஒழித்துவிடலாம் என்பதால், அந்த ஊசியின் தேவையே சுருங்கிவிட்டது.

வீட்டில் கவனிக்க வேண்டியது அதன் பின்விளைவு. கிளைசிரைசின் அதிகமானால் உடலில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். இருமலுக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதைப் பற்றிச் சொல்லவில்லை. தினமும் கஷாயமாக, வாரக்கணக்கில், அதுவும் ஏற்கெனவே பிரஷர் மாத்திரையோ நீர் மாத்திரையோ எடுப்பவர் குடித்தால்தான் வம்பு. சிரோசிஸில் காலும் வயிறும் வீங்கியிருப்பவர் இதன் பக்கமே போகக் கூடாது.

ஜப்பானில் ஒரு மூலிகை மருந்தால் பலர் இறந்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. ஷோ-சைக்கோ-டோ என்பது அதன் ஜப்பானியப் பெயர், சீனத்தில் ஷியாவ் சைஹூ டாங். இதுவும் ஜாங் ஜோங்ஜிங் எழுதியதுதான். சைஹூ வேர், ஸ்கட்டெல்லாரியா வேர், பினெல்லியா, ஜின்செங், அதிமதுரம், இஞ்சி, சீன இலந்தை என்று ஏழு சரக்கு. ஜப்பானில் காம்போ எனப்படும் சீனவழி மருந்துகள் காப்பீட்டில் கிடைப்பதால், சாதாரண டாக்டர்களே இதை ஹெபடைடிஸுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

ஒசாகாவில் சிரோசிஸ் நோயாளிகள் 260 பேரை இரண்டாகப் பிரித்து ஐந்து வருடம் தொடர்ந்த ஆய்வு 1995-இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களில் புற்றுநோய் குறைவாகத் தெரிந்தது. மொத்தக் கணக்கில் அந்த வித்தியாசம், ‘இது தற்செயல் இல்லை’ என்று சொல்லத் தேவையான புள்ளியியல் எல்லையை நூலிழையில் தவறவிட்டது. ஹெபடைடிஸ் பி இல்லாதவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது எல்லையைத் தாண்டியது. அந்தக் காலத்தில் ஒரு மூலிகைக் கஷாயத்துக்கு இப்படி ஒரு சோதனை நடந்ததே பெரிய விஷயம்.

சிக்கல் நுரையீரலில் வந்தது. ஹெபடைடிஸுக்குப் போடும் இன்டர்ஃபெரான் ஊசியோடு இதையும் சேர்த்து எடுத்த சிலருக்கு நுரையீரல் திசுவில் அழற்சி வந்து மூச்சுத் திணறியது. 1994-இல் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 1996 மார்ச்சில் ஜப்பான் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கணக்குப்படி 88 பேருக்கு இந்த நுரையீரல் பாதிப்பு, அதில் 10 பேர் இறந்துபோனார்கள். இப்போது சிரோசிஸ் உள்ளவர்களுக்கும் அங்கே இது கொடுக்கப்படுவதில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த ஆபத்து வெளியே தெரிந்ததே அது முறையான மருந்தாக, டாக்டர் சீட்டில், பக்கவிளைவு பதிவாகும் ஏற்பாட்டுக்குள் இருந்ததால்தான். தெருமுனைக் கடையில் பொட்டலமாக விற்றிருந்தால், பத்துப் பேரும் ‘நிமோனியாவில் போய்விட்டார்’ கணக்கில் சேர்ந்திருப்பார்கள்.

கல்லீரலில் விழுந்த வடுவை மூலிகை கரைக்குமா?

தனியாகக் கரைக்கும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. வைரஸ் மருந்தோடு சேர்த்தால் கூடுதலாக உதவலாம் என்பதற்கு ஓரளவு கனமான ஆதாரம் இருக்கிறது. சீனாவில் இதற்கென்று அங்கீகாரம் பெற்ற கலவைகள் இரண்டு முக்கியமானவை. ஒன்று ஃபூஜெங் ஹுவாயூ: டான்ஷென் வேர், பீச் பருப்பு, மேலே சொன்ன ஐஞ்சுவைப் பழம், புளிக்கவைத்து வளர்த்த கார்டிசெப்ஸ் பூஞ்சை, பைன் மகரந்தம், கைனோஸ்டெம்மா. ஷாங்காயில் உருவானது. இன்னொன்று பியேஜியா ருவான்கான். பியேஜியா என்றால் மென்னோட்டு ஆமையின் ஓடு, ஆகவே சைவம் பார்ப்பவர்கள் கவனிக்கவும்.

இரண்டாவதை ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 1000 பேரிடம் சோதித்தார்கள். எல்லாருக்கும் வைரஸை அடக்கும் என்டகாவிர் மாத்திரை. பாதிப் பேருக்குக் கூடவே ஆமையோட்டுக் கலவை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. 72 வாரம் கழித்துத் திசுப்பரிசோதனை செய்ததில், நார்த்திசு குறைந்தவர்கள் கலவை எடுத்த பக்கம் 40 சதவீதம், மற்ற பக்கம் 31.8 சதவீதம். கூடுதல் பலன் எட்டு சதவீதப் புள்ளி. வெறும் என்டகாவிரே பெரும்பகுதி வேலையைச் செய்துவிட்டது என்பதையும் இந்த எண்களிலேயே படிக்கலாம்.

ஹெபடைடிஸ் பி மூலிகையால் குணமாகுமா? கீழாநெல்லியை மறந்துவிட்டீர்களே?

மறக்கவில்லை. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளும்பெர்க்கோடு சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடியை 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் வரவில்லை. செடியின் இனம், விளைந்த மண், பறித்த பருவம் என்று காரணங்கள் பேசப்பட்டன. சீனாவிலும் கீழாநெல்லிக்கு நெருங்கிய உறவான ஒரு செடியை ஹெபடைடிஸ் பிக்குக் கொடுக்கிறார்கள். அங்கே வந்த ஆய்வுகள் பலவும் சிறியவை, செய்முறையில் ஓட்டை உள்ளவை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்பட்ட ஹெபடைடிஸ் பியோடு வாழ்பவர்கள் 25 கோடிக்கு மேல். அவர்களுக்கு டெனோஃபோவிர், என்டகாவிர் என்ற மாத்திரைகள் இருக்கின்றன. வைரஸை அடக்கி வைக்கும், புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கும். மூலிகையை நம்பி இதை நிறுத்துவதுதான் நான் கேள்விப்படும் தவறுகளில் மோசமானது. திடீரென்று நிறுத்தினால் வைரஸ் பொங்கி எழுந்து கல்லீரல் செயலிழந்து போகலாம்.

ஃபேட்டி லிவருக்கு?

பெர்பெரின் ஓரளவு கொழுப்பையும் சர்க்கரையையும் குறைக்கிறது. சீனாவில் நடந்த சிறிய சோதனைகளில் கல்லீரல் கொழுப்பும் குறைந்தது. ஆனால் எடையில் ஏழு முதல் பத்து சதவீதத்தைக் குறைத்தால் கிடைக்கும் பலனுக்குப் பக்கத்தில் நிற்க எந்தக் கஷாயமும் இன்னும் வரவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு மூலிகை கேப்ஸ்யூல் போடுவதில் பயனில்லை.

குடிக்கும் முன் ஏதாவது எடுத்தால் கல்லீரல் தப்பிக்குமா?

குட்சு என்ற கொடியின் பூவையும் வேரையும் சீனர்கள் போதை தெளிய நூற்றாண்டுகளாகக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், குட்சு எடுத்தவர்கள் பீர் குடித்தது குறைந்தது. குறைவாகக் குடித்தால் கல்லீரலுக்கு நல்லதுதான். குடித்த பிறகு விழும் சேதத்தை அது தடுக்கிறது என்று மனிதர்களிடம் யாரும் நிரூபிக்கவில்லை.

மில்க் திஸில் சீன மூலிகையா?

இல்லை, ஐரோப்பிய முட்செடி. கடையில் ஒரே அலமாரியில் வைப்பதால் வரும் குழப்பம். அதன் சிலிமரின், ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 154 பேரிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையில் போலி மாத்திரையை விட எஸ்ஜிபிடியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. 2012-இல் முடிவு வந்தது. விற்பனை குறையவில்லை.

கரடிப் பித்தம் பற்றிச் சொல்வது மூடநம்பிக்கைதானே?

முழுக்க இல்லை, அதுதான் இதில் சங்கடம். டாங் அரச காலத்திலிருந்தே சீனர்கள் மஞ்சள் காமாலைக்கும் கண் நோய்க்கும் கரடியின் பித்தநீரைக் காயவைத்துக் கொடுத்தார்கள். 1927-இல் ஜப்பானின் ஒகாயாமாவில் ஷோடா என்ற ஆய்வாளர் அதிலிருந்து ஒரு பித்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார். உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம். பெயரில் உள்ள ‘உர்சோ’ லத்தீன் கரடி. இன்று உடிலிவ் என்ற பெயரில் நம்மூர் மெடிக்கல்களில் கிடைப்பது அதுதான். பித்தநாளங்களைத் தன் உடலே தாக்கும் ஒரு கல்லீரல் நோய்க்கு உலகம் முழுக்க முதல் மருந்து அது. அதற்கு ஒரு கரடியும் தேவையில்லை, மாட்டுப் பித்தநீரிலிருந்து வரும் அமிலத்தை மாற்றித் தயாரிக்கிறார்கள். ஆனாலும் சீனாவில் கரடிப் பண்ணைகள் இன்னும் இருக்கின்றன. கூண்டில் அடைத்து, வயிற்றில் துளையிட்டுப் பித்தநீரை வடிக்கிறார்கள். மாத்திரை மெடிக்கலில் கிடைக்கும்போது இதற்கு மருத்துவ நியாயம் எதுவும் மிச்சமில்லை.

மூலிகையே கல்லீரலைக் கெடுக்குமா?

கெடுக்கும். சீனாவிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2012 முதல் 2014 வரை 308 மருத்துவமனைகளில் மருந்தால் கல்லீரல் பாதித்துச் சேர்ந்த 25,927 பேரை ஆராய்ந்ததில், காரணங்களில் முதலிடம் பாரம்பரிய மூலிகைகளும் சத்துப்பொருள்களும் சேர்ந்த வகைக்கு: 26.81 சதவீதம். காசநோய் மருந்துகளுக்கு 21.99 சதவீதம், அதாவது இரண்டாமிடம்.

அதில் பேர்போனது ஹெஷோவூ வேர். நரைத்த முடியைக் கருப்பாக்கும் என்று புகழ்பெற்றது. பச்சை வேரைக் கறுப்பு சோயா மொச்சைச் சாற்றில் வேகவைத்துப் பதப்படுத்தினால் நஞ்சு குறையும் என்று பழைய வைத்தியர்களுக்கே தெரியும். பதப்படுத்தியதும் எல்லாருக்கும் பாதுகாப்பில்லை. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த வேரால் கல்லீரல் அழற்சி வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று 2019-இல் சீன ஆய்வாளர்களே காட்டினார்கள். முடிக்காகச் சாப்பிட்டுக் கண் மஞ்சளாகி வந்தவர்களின் விவரங்கள் மருத்துவ இதழ்களில் ஏராளம்.

அடுத்தது ஆள்மாறாட்டம். ரத்தக்கட்டுக்குக் கொடுக்கும் சான்ச்சி வேர் விலை அதிகம். துசான்ச்சி என்ற வேறொரு செடியை வீட்டுத் தோட்டத்திலேயே வளர்த்து, அடிபட்ட வீக்கத்துக்கு ஊறப்போட்டுக் குடிப்பார்கள். பெயர் ஒட்டிவருகிறது, உள்ளே இருப்பது கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கும் ஆல்கலாய்டு. வயிறு நீர் கோத்து வருவார்கள், சிலர் பிழைப்பதில்லை.

அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள செடிகள் சிறுநீரகத்துக்கு நஞ்சு என்று முதலில் தெரிந்தது. பிறகு 2017-இல், தைவானின் கல்லீரல் புற்றுக்கட்டிகள் 98-ஐ ஆராய்ந்ததில் 78 சதவீதத்தில் அந்த அமிலம் விட்டுச்சென்ற மரபணுத் தடம் இருந்தது. தைவான் 2003-இலேயே தடை செய்துவிட்டது, ஆனால் முன்பு சாப்பிட்டவர்களின் உடலில் தடம் அழியவில்லை.

நம் பக்கமும் சுத்தம் இல்லை. வெண்புள்ளிக்குக் கொடுக்கும் கார்போக அரிசி சீனாவிலும் புழங்குகிறது, இரண்டு நாட்டிலும் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. கொரோனா சமயத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். அது சீந்தில் இல்லை, அதைப் போன்ற வேறு கொடி என்று ஆயுஷ் தரப்பு மறுத்தது. மறுப்பு சரியாகவே இருந்தாலும், வாங்குபவருக்கு எந்தக் கொடி என்று எப்படித் தெரியும்?

மற்ற மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

கல்லீரல் மாற்று அறுவை செய்தவர்கள், புதுக் கல்லீரலை உடல் நிராகரிக்காமல் இருக்க எடுக்கும் டாக்ரோலிமஸ் நல்ல உதாரணம். ஐஞ்சுவைப் பழம் அதைக் கழிக்கும் நொதியை முடக்குவதால், ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். சீனாவில் சில மருத்துவமனைகள் இதையே சாதகமாக்கி, பழச்சாற்று மாத்திரையைக் கூடவே கொடுத்து விலை உயர்ந்த டாக்ரோலிமஸின் அளவைக் குறைக்கிறார்கள், ரத்த அளவை அடிக்கடி பார்த்துக்கொண்டு. அந்தக் கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் தானாகச் சாப்பிட்டால் சிறுநீரகம் அடிபடும். டான்ஷென், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம்.

சரி, ஒருவர் எடுத்தே தீருவேன் என்றால்?

சிங்கப்பூரில் சீன வைத்தியர்கள் 2000-இல் வந்த சட்டத்தின்படி பதிவு பெற்றவர்கள், தயாரிப்பு மருந்துகளுக்கும் சோதனை உண்டு. அங்கே இருப்பவர்கள் பதிவு பார்த்துப் போகலாம். தமிழ்நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை, இணையத்தில் வரும் டப்பாவில் என்ன இருக்கிறது என்பதற்கு டப்பா மட்டுமே சாட்சி.

தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் கல்லீரல் நொதிகளும் ஒருமுறை. தொடங்கி ஒரு மாதத்தில் நொதிகள் மறுபடி. கர்ப்பிணிகள், சிரோசிஸ் உள்ளவர்கள், காசநோய் மருந்து எடுப்பவர்கள் தொடங்கவே வேண்டாம். டப்பாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், டாக்டர் கேட்பார். பசி செத்துப்போவது, குமட்டல், தேநீர் நிறத்தில் சிறுநீர், உடம்பு முழுக்க அரிப்பு, கண் மஞ்சள் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். பேச்சு குழறினாலோ பகலில் தூங்கி வழிந்தாலோ அது அவசரப் பிரிவு, அதுவும் கல்லீரல் மாற்று வசதி உள்ள ஆஸ்பத்திரி.